சத்தம் வரும் வழி

புது ஃப்ளாட்டுக்குக் குடிபோனவர்கள் என்னைக் கூப்பிட்டால் பெரும்பாலும் முதலில் கேட்பது, "சுவத்துல ஃபோம் ஒட்டினா போதுமா சார்?" என்பதுதான். ரெக்கார்டிங் தியேட்டர் படங்களில் கூம்பு கூம்பாக ஒட்டியிருப்பதைப் பார்த்த பாதிப்பு. அந்த ஃபோம் அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும். திரைச்சீலையும் பீரோவும் மெத்தையும் வந்து சேர்ந்தாலே அந்த வேலையில் பாதி முடிந்துவிடும். பக்கத்து வீட்டுச் சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும், ஓட்டையில்லாத அடைப்பு வேண்டும், ஒன்றையொன்று தொடாத அடுக்குகள் வேண்டும். ஃபோமில் இவை மூன்றும் இல்லை.

நான் தொழில் கற்றது கோடம்பாக்கத்தில், ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு உள்வேலை செய்துதான். அங்கே அறைக்குள் இன்னோர் அறை கட்டுவோம். உள்ளறையின் தரை ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும், சுவர் வெளிச்சுவரைத் தொடாது. பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறையில் இதைச் செய்தால் கட்டில் போட இடமிருக்காது. அதனால் வீடுகளில் எனக்குக் கட்டுகிற வேலையைவிடத் துப்பறிகிற வேலைதான் அதிகம்.

சுவரில் தொடங்குகிறேன். பழைய 9 அங்குலச் செங்கல் சுவர் பூச்சோடு சேர்ந்து சதுர மீட்டருக்கு 400 கிலோவைத் தாண்டும். இன்று ஓ.எம்.ஆர். பக்கம் எழும் அடுக்குமாடிகள் பலவற்றில் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது 8 அங்குல ஏ.ஏ.சி. பிளாக் என்கிற லேசான கல். அது 170 கிலோ வந்தால் அதிகம். எடை இரட்டிப்பானால் ஏறக்குறைய 5, 6 டெசிபல் கூடுதலாகத் தடுபடும். 10 டெசிபல் குறைந்தால் சத்தம் பாதியானதுபோல் காதுக்குத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால், பக்கத்து வீட்டு சீரியல் வசனம் ஏன் நமக்கும் மனப்பாடமாகிறது என்பது புரியும். பில்டரைத் திட்டிப் பயனில்லை. லேசான கல் என்றால் கம்பிச் செலவு குறையும், வேலையும் சீக்கிரம் முடியும். அந்த விலைக்குத்தான் நாமும் வாங்கினோம்.

ஆனால் எடையைவிடப் பெரிய எதிரி ஓட்டை. ஒரு சுவர் 45 டெசிபல் தடுக்கக்கூடியதாகவே இருக்கட்டும். அதன் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால் மிஞ்சுவது 20தான். பீமுக்கு அடியில் கடைசி வரிசைக் கல் முட்டாமல் விட்ட இடுக்கு, சுவரின் இரு பக்கமும் நேருக்கு நேர் பதித்த சுவிட்ச் பாக்ஸ், ஏ.சி. பைப்புக்குப் போட்ட துளை எல்லாம் பூச்சுக்கும் பெயின்ட்டுக்கும் பின்னால் ஒளிந்துகொள்ளும். கதவு மட்டும் ஒளியாது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு வெளியிலிருந்து டார்ச் அடிக்கச் சொல்வேன்; வெளிச்சம் வரும் இடமெல்லாம் சத்தமும் வரும். அறைக் கதவுகளின் நிலைக்குக் கீழ்ப்படி வைக்கும் வழக்கம் போய்விட்டதால் அரை அங்குல இடைவெளி சாதாரணம். சுற்றிலும் ரப்பர் கேஸ்கெட், அடியில் கதவைச் சாத்தினால் தானே இறங்கும் சீல், இவை போதும். ஜன்னலுக்கும் இதே கதைதான்: பிரஷ் வைத்த ஸ்லைடிங்கைவிட, கேஸ்கெட்டில் அழுந்தி மூடும் கதவு ஜன்னல் மேல்.

தலைக்கு மேலே வரும் சத்தம்தான் உண்மையான தலைவலி. 5, 6 அங்குலத் தளத்தின் மேல் சிமென்ட் கலவை, அதன் மேல் டைல்ஸ். இடையில் மெத்தென்று எதுவும் கிடையாது. நாற்காலியை இழுத்தால் தளமே பறையாகிவிடும். கீழ்வீட்டில் ஃபால்ஸ் சீலிங் போட்டு உள்ளே ராக்வூல் வைத்தால் ஓரளவு குறையும்; மீதி சுவர் வழியாக இறங்கி வரும். சரியான மருந்து, டைல்ஸ் கலவைக்கு அடியில் சில மில்லிமீட்டர் ரப்பர் விரிப்பு. ஓரங்களில் அதைச் சுவரோடு மடக்கிவிட வேண்டும். கட்டும்போது சின்னச் செலவு, கட்டியபின் மேல்வீட்டுத் தரையை உடைக்கும் செலவு. 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பில் ஒலித்தடுப்புக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு டைல்ஸ் போட்ட மேஸ்திரியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பெரும்பாக்கம் பக்கம் ஓய்வுபெற்ற ஒருவர், விடிகாலையில் மேல்வீட்டில் கல் உருட்டுகிறார்கள் என்று மாதக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஆதாரமாகப் போனில் பதிவு வேறு. நான் மேல்வீட்டிலேயே போய் உட்கார்ந்தேன். அந்த அம்மா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தபோது கீழிருந்து போன்: "இதோ ஆரம்பிச்சுட்டாங்க தம்பி, கேக்குதா?" எனக்கு எதிரே அந்த அம்மா கையில் டம்ளரோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

கான்கிரீட்டில் சத்தம் காற்றைவிடப் பத்து மடங்கு வேகத்தில் போகும், அதிகம் தேயவும் தேயாது. எங்கே பிறந்தது என்று காதால் சொல்ல முடியாது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். அதைத் தூணிலும் பீமிலும் வைத்துப் போனதில், ஒரு மாடி தள்ளி, கோணத்தில் இருந்த வீட்டின் சமையல் மேடைக்குப் போய்ச் சேர்ந்தேன். சுவரில் பதித்த கிரானைட் மேல் டேபிள் டாப் கிரைண்டர், இட்லி மாவு. கால்களுக்கு அடியில் கனமான ரப்பர் துண்டுகள் வைத்ததும் அடங்கியது.

துண்டுகளுக்கான காசை அந்தப் பெரியவரே கொடுத்தார். மேல்வீட்டு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவும் என்னையே அனுப்பப் பார்த்தார். அந்த வேலைக்கு இன்னும் ரேட் வைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.