விலையும் மதிப்பும்

விலைக்கும் மதிப்புக்கும் உள்ள உறவு விந்தையானது. சம்மாந்துறையில் வாழும் எமக்கு இதனை நூல்கள் கற்பிக்க வேண்டியதில்லை. பெரும்போக அறுவடை முடிந்து களத்தில் நெல் குவியும் நாளில் விலை விழும்; நெல் கைமாறிய பின்னர் எழும். நெல்மணி என்னவோ ஒன்றுதான். விற்பவன் காத்திருக்க வல்லவனா, கடன்பட்டவனா என்பதே வேறுபாடு.

மனிதர்க்கும் இவ்வாறே விலை வைக்கப்படுகின்றது. விளையாட்டுலகில் இதற்குத் தக்க உதாரணம் நம் நாட்டு இளைஞர் மதீஷ பத்திரண.

கண்டித் திரித்துவக் கல்லூரிக்கு ஆடிய இவர், கையைத் தாழ வீசிப் பந்தெறியும் முறையில் லசித் மாலிங்கவை நினைவூட்டுபவர். 2022ஆம் ஆண்டு இந்தியன் பிரிமியர் லீக் போட்டிகளின்போது சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் அடம் மில்ன் காயமுற்றார். அவரது இடத்துக்குப் பத்திரண அழைக்கப்பட்டார். வயது 19, தேசிய அணிக்கு அதுவரை ஆடாதவர். எனவே ஊதியம் 20 இலட்சம் இந்திய ரூபாய். அன்றைய ஏலத்தில் ஒருவருக்கு வைக்கக்கூடிய மிகக் குறைந்த அடிப்படை விலை அதுவே.

அடுத்த ஆண்டு நடந்ததை நாடறியும். துடுப்பாட்டக்காரர் கண்மூடி விளாசும் இறுதி ஓவர்களிலேயே பெரும்பாலும் பந்து இவர் கைக்குத் தரப்பட்டது. பழகாத கோணத்திலிருந்து விரைந்து வந்து காலடியில் விழும் பந்தை அடிப்பது எளிதன்று. 12 போட்டிகளில் 19 விக்கெட்டுகள் வீழ்ந்தன. 2023 மே 6ஆம் நாள் சேப்பாக்கத்தில் மும்பைக்கு எதிராக 4 ஓவர்களில் 15 ஓட்டங்களே கொடுத்து 3 விக்கெட்டுகளைச் சாய்த்து ஆட்ட நாயகனானார். அவ்வாண்டு கிண்ணமும் சென்னைக்கே கிடைத்தது. அதே அணி 16.25 கோடிக்கு வாங்கிய பென் ஸ்டோக்ஸ் காயத்தினால் 2 போட்டிகளில் மட்டுமே ஆடி 15 ஓட்டங்கள் பெற்றார். அவரை இகழ இதனைக் கூறவில்லை. காயம் எவர்க்கும் வரும். விலைச்சீட்டு எதிர்காலத்தை அறியாது என்பதற்காகவே கூறுகின்றோம்.

சேப்பாக்கத்தின் கரவொலிக்கு இன்னொரு பொருளும் உண்டு. 2013இல் இலங்கை வீரர் எவரும் சென்னையில் ஆடக்கூடாதெனத் தடை இருந்தது. நுவன் குலசேகர, அகில தனஞ்சய ஆகியோர் சென்னை அணியிலிருந்தும் சென்னையில் ஆட இயலவில்லை. பத்தாண்டுகளின் பின் அதே அரங்கு ஒரு சிங்கள இளைஞரைத் தன் பிள்ளையாகக் கொண்டாடிற்று. நம் இனங்களிடையே வாழ்ந்து கற்பிக்கும் எமக்கு அது சிறு செய்தியன்று.

நிற்க. அவரை எல்லோரும் 'மலிவான கொள்முதல்' என்று புகழ்ந்தனர். அப்புகழ் யாருக்குரியது? வாங்கியவர்க்கே அன்றோ! 2024இலும் அதே 20 இலட்சம். 6 போட்டிகளில் 13 விக்கெட்டுகள். ஒப்பந்தம் முடிந்த பின்னரே 13 கோடி கிடைத்தது. ஊதியம் 65 மடங்காகியது. 2025இல் 12 போட்டிகளில் விக்கெட்டுகளோ 13. அணியும் கடைசி இடத்தில் நின்றது. குறைந்த விலை அவரைச் சிறியவராக்கவில்லை. கூடிய விலை பெரியவராக்கவும் இல்லை.

எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் கடையொன்றில் சிறு சம்பளத்தில் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளில் முழுக் கணக்கும் அவர் கைக்கு வந்தது. சம்பளம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. "நல்ல பிள்ளை, ஒன்றுமே கேட்கமாட்டான்" என்று முதலாளி மெச்சிக்கொண்டார். கேட்குமாறு நாம் சொன்னோம்.

"சேர், பத்திரண கேட்டாரா?" என்றார் மாணவர்.

"அவர் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர். உமக்கு எந்த ஒப்பந்தம் இருக்கின்றது?" என்றோம்.

சில நாள் தயங்கியபின் கேட்டார். எதிர்பார்த்ததில் பாதி கிடைத்தது. எனினும் அன்று வீடு சென்றபோது அவர் உம்மாவிடம் சம்பளத்தைப் பற்றியன்று, தாம் கேட்டதைப் பற்றியே முதலிற் கூறினாராம்.

பெற்றோர்க்கும் எம்போன்ற ஆசிரியர்க்கும் ஒன்று சொல்வோம். அடக்கம் நற்பண்பே, அதனைப் பிள்ளைகளுக்குப் போதிக்கத்தான் வேண்டும். ஆயின் உழைப்பின் கணக்கை எடுத்துச் சொல்லும் துணிவையும் அதனோடு சேர்த்தே போதிக்க வேண்டும். கணக்குக் காட்டத் தெரியாத அடக்கத்தால் இலாபம் அடைபவர் எப்போதும் வேறொருவரே.