கறுப்புச் சாட்டின்

ஆயில் பெயின்டிங் பழக வருகிறவர்களை முதலில் கறுப்பில்தான் உட்கார வைப்பேன். "சார், போர்ட்ரெய்ட் எப்போ?" என்று கேட்டால், ஹான்ஸ் ஹோல்பைன் தீட்டிய டென்மார்க் இளவரசி கிறிஸ்டினாவின் படத்தை எடுத்து முன்னால் வைப்பேன். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. ஓக் பலகை, 179 சென்டிமீட்டர் உயரம். 16 வயதுப் பெண், மிலான் பிரபுவாக இருந்த கணவன் இறந்ததால் துக்க உடையில் நிற்கிறாள். முகம், இரண்டு கை, கழுத்திலும் மணிக்கட்டிலும் துளி வெள்ளை, ஒரு சிவப்புக்கல் மோதிரம், பழுப்பு உரோமம். மீதி பெரும்பாலும் கறுப்புச் சாட்டின்.

புதிதாக வருகிறவர் டியூபிலிருந்து ஐவரி பிளாக்கைப் பிதுக்கி அப்படியே இழுத்துவிடுவார். மறுநாள் பார்த்தால் படத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். அசல் கறுப்பு, மடிப்பின் அடியில் கொஞ்சம் இடத்துக்குத்தான் வேண்டும். மற்றதெல்லாம் சாம்பலின் பல படிகள். கறுப்போடு வெள்ளை சேர்ந்தால் லேசாக நீலம் ஓடும். அதைச் சரிசெய்யப் போகாதீர்கள், மடிப்பின் முதுகில் விழும் வெளிச்சத்துக்கு அந்தக் குளிர்ச்சி தேவை. நிழலுக்குப் பர்ன்ட் அம்பர் துளி சேருங்கள். சாட்டினில் வெளிச்சம் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும், அதனால் அந்த ஓரத்தைத் தேய்த்து மழுப்பக் கூடாது. வெல்வெட் என்றால் கணக்கே வேறு.

அம்பர் சேர்ப்பது நிறத்துக்கு மட்டுமல்ல. கறுப்பு எண்ணெயை நிறையக் குடிக்கும், லேசில் காயாது. லெட் ஒயிட் சேர்ந்த இடம் சில நாளில் இறுகும். கறுப்பு வாரக்கணக்கில் விரலில் ஒட்டும். அம்பர் சேர்ந்தால் சீக்கிரம் காயும். ஒரு பையன் கண்காட்சிக்குக் கொடுக்க வேண்டுமென்று ஹேர் டிரையர் பிடித்து, மேல்தோல் இறுகியதும் அதன் மேல் வெள்ளை கலந்த பூச்சை ஏற்றிவிட்டான். சில மாதத்தில் மார்பு மடிப்பெல்லாம் வெடித்தது. பாலட் கத்தியால் சுரண்டியபோது அடியில் இன்னும் பிசுபிசுப்பு. இப்போது அவன்தான் மற்றவர்களை விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்கிறான்.

கிறிஸ்டினாவை நேரில் பார்த்து வரைய ஹோல்பைனுக்குக் கிடைத்தது மூன்று மணி நேரம். 1538 மார்ச் 12, பிரஸ்ஸல்ஸ். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றிக்கு மூன்றாம் மனைவி இறந்து அடுத்த பெண் தேடிக்கொண்டிருந்த சமயம். அவருடைய தூதர் ஜான் ஹட்டன், கிறிஸ்டினாவை வேறொருவர் வரைந்த படத்தை ஏற்கெனவே அனுப்பியிருந்தார். ஹோல்பைன் வரைந்ததைப் பார்த்ததும் முன்பு அனுப்பியதைத் திருப்பிக்கொண்டுவர ஆளை ஓட்டினார். தொழில் தெரிந்தவன் கை பக்கத்தில் வந்ததும் மற்றது நிற்கவில்லை.

அந்த வரைவு இன்று இல்லை. வின்சர் கோட்டையில் இருக்கும் அவருடைய மற்ற வரைவுகளைப் பாருங்கள், கை போன வழி தெரியும். ரோஜா நிறம் பூசிய காகிதம், கலர் சாக். முகத்தில் நிழல் இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெலிது. இமையிலும் உதட்டுப் பிளவிலும்தான் கோடு அழுத்தம் பிடிக்கும். சிலவற்றில் துணிக்கு இது இன்ன துணி, இன்ன நிறம் என்று பக்கத்திலேயே கிறுக்கி வைத்திருக்கிறார். முகத்தின் சாயலைக் கண் முன்னால் ஆள் இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும். துணியைப் பிறகு பொறுமையாகச் செய்துகொள்ளலாம். எங்கே அவசரம், எங்கே நிதானம் என்பதில் நம்மில் பாதிப் பேர் தலைகீழ்.

ஹென்றிக்கும் கிறிஸ்டினாவுக்கும் கல்யாணம் நடக்கவில்லை. அதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள், 1909இல் படத்தை நேஷனல் கேலரிக்காக விலைக்கு வாங்கப் பட்ட பாட்டையும் சொல்வார்கள். பிரஷ் பிடிக்கிறவனுக்கு அதில் ஒன்றும் இல்லை.

கைகளுக்கு வருவோம். கையுறையைத் தளர்வாகப் பிடித்திருக்கும் அந்த விரல்களில் கனத்த நிழலே கிடையாது, ஆனாலும் உருண்டு நிற்கின்றன. இதைக் காப்பி செய்யும்போது கையை முதலில் முடிக்க ஆசை வரும். வேண்டாம். வெள்ளைப் ப்ரைமிங் பக்கத்தில் சதை நிறம் இருண்டு தெரியும், நீங்கள் வெள்ளையைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். பிறகு கறுப்பு வந்து சேர்ந்ததும் அதே கை சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்துப்போகும். சுற்றிலும் கறுப்பை மெல்லிசாக ஒரு பூச்சு போட்டு, அது காய்ந்த பின் சின்ன ஸேபிள் பிரஷ்ஷை எடுங்கள்.