கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

இன்ஸ்டகிராமில் ‘தனிமை’ என்று தமிழில் தட்டிப் பாருங்கள். வரிசையாக வரும். கடலைப் பார்த்தபடி முதுகு காட்டி நிற்கும் ஒருவர். மழைத்துளி வழியும் பஸ் கண்ணாடி. தெருவிளக்கின் கீழே ஆளில்லாத ஒரு வாங்கு. பொழுதுபடும் நேரம் பனையில் சாத்தி வைத்த சைக்கிள். அரைவாசிப் படங்களுக்குப் பின்னால் இளையராஜா ஓடிக்கொண்டிருப்பார். வடிவான படங்கள்தான், குறை சொல்லவில்லை. என்னுடைய போனிலும் ஒரு நாற்பது ஐம்பது கிடக்கும்.

ஆனால் வெள்ளவத்தையில் ஒரு அறையில் தனியாக இருந்த எட்டு மாதத்தில் அந்தப் படங்களில் ஒன்றுகூட என்னைப் பற்றியதாக இருக்கவில்லை. காலிமுகத்திடலில் முதுகு காட்டி நிற்கிறவருக்குப் பின்னால் கமராவோடு இன்னொருவர் நிற்கிறார், இல்லையா? அனேகமாக இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வந்திருப்பார்கள். படம் எடுத்து முடிய ஒன்றாக நின்று இறால் வடை சாப்பிட்டிருப்பார்கள்.

என்னைப் பற்றிய படம் ஒன்று இருந்தது. அதை எட்வர்ட் ஹொப்பர் 1927 இல் வரைந்திருந்தார். படத்தின் பெயர் ‘ஓட்டோமாட்’. ஓட்டோமாட் என்பது அந்தக் காலத்து அமெரிக்க நகரங்களில் இருந்த ஒருவகைச் சாப்பாட்டுக் கடை. சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கதவுகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சாப்பாடு. துளையில் காசைப் போட்டால் கதவு திறக்கும், எடுத்துக்கொண்டு போய் இருந்து சாப்பிடலாம். பரிமாற ஆள் இல்லை. ஒருவரோடும் ஒரு சொல் கதைக்காமல் வயிறு நிரம்பலாம். அப்படி ஒரு கடையில், இரவில், பச்சை மேலங்கி போட்ட பெண் ஒருத்தி கோப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். ஒரு கையில் கையுறை இருக்கிறது, மற்றக் கையில் இல்லை. எதிரே ஒரு வெறுங்கதிரை. அவளுக்குப் பின்னால் பெரிய கறுத்த யன்னல். அதில் கடையின் கூரை விளக்குகள் இரண்டு வரிசையாகத் தெரிகின்றன. அவளுடைய முதுகும் அதில் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

அந்தக் காலத்தில் நானும் சாப்பாட்டை ஆப்பில்தான் எடுப்பித்தேன். கொண்டுவரும் பெடியன் கோல் எடுத்து, கேற்றில வைக்கட்டா என்று கேட்பான். ‘ஓம், வையுங்கோ.’ சில சனிக்கிழமைகளில் விடிந்ததில் இருந்து படுக்கும்வரை நான் வாய்திறந்து சொன்னது அது மட்டும்தான். ஞாயிறு காலையில் கதைக்கப் போனால் குரல் கரகரக்கும், தடிமன் பிடித்த மாதிரி.

ஹொப்பரின் இன்னும் பிரபலமான படம் 1942 இல் வந்த ‘நைற்ஹோக்ஸ்’. இரவு திறந்திருக்கும் ஒரு மூலைக் கடை, உள்ளே நாலு பேர். நீங்கள் கண்டிருப்பீர்கள், அதைக் கேலிசெய்து வந்த மீம்களையாவது. அந்தக் கடைக்குத் தெருவில் இருந்து உள்ளே போகக் கதவு கிடையாது என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். உண்மைதான், தேடிப் பாருங்கள், அகப்படாது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது நாங்கள் நிற்கும் இடம். ஹொப்பர் எங்களை வெளியே இருட்டில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பாட்டி வைத்திருக்கிறார். உள்ளே இருக்கிற நாலு பேருக்கும் வெளிச்சமாவது இருக்கிறது.

தன்னுடைய படங்களில் எல்லாரும் தனிமையைத் தேடி மிகைப்படுத்துகிறார்கள் என்று ஹொப்பரே சலித்துக்கொண்டதுண்டு. 1924 இல் கலியாணம் கட்டினதுக்குப் பிறகு அவர் வரைந்த தனிமையான பெண்களுக்கெல்லாம் மொடலாக இருந்தவர் அவருடைய மனைவி ஜோ. ஜோவும் ஓவியர். யோசித்துப் பார்த்தால் விசித்திரமான குடும்பம்: ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேர் சேர்ந்து, ஆறுதலாக நேரம் எடுத்து, ‘ஒருத்தி தனியாக இருக்கிறாள்’ என்ற படத்தைச் செய்கிறார்கள்.

விவியன் மையரின் கதை இப்போது எல்லாருக்கும் தெரியும். சிக்காகோவில் பிள்ளை பார்க்கும் வேலை செய்தவர். 2007 இல், வாடகை கட்டாத களஞ்சிய அறையில் கிடந்த அவருடைய பெட்டிகள் ஏலத்தில் போனபோது உள்ளே நெகற்றிவ்கள் கட்டுக்கட்டாக இருந்தன. மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேல். பல சுருள்கள் கழுவப்படவே இல்லை. 2009 இல் அவர் இறந்தார். உலகம் அவரைக் கொண்டாடத் தொடங்கியது அதற்குப் பிறகு.

‘யாருமில்லாத பாவப்பட்ட மனுசி’ என்று அவரைச் சொல்லி முடிக்கிற கட்டுரைகள் எனக்குப் பிடிப்பதில்லை. ஒருவருக்கும் காட்டாமல் ஒரு லட்சம் படம் எடுத்தவருக்கு அது ஏகாந்தமாக இருந்ததா, தனிமையாக இருந்ததா என்று நாங்கள் எப்படித் தீர்மானிக்கிறது? அவர் கனகாலம் பாவித்தது ரோலிபிளெக்ஸ் கமரா. அதை வயிற்றோடு வைத்து, தலையைக் குனிந்து, மேலே இருக்கும் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். எடுக்கப்படுகிறவரின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் தன்னைத்தானே எடுத்த படங்களில் மையர் திரும்பத் திரும்பக் கடைக் கண்ணாடிகளிலும் முகம் பார்க்கும் கண்ணாடிகளிலும் நிழல்களிலும் வருகிறார். ஓட்டோமாட் பெண்ணுக்குக் கிடைக்காத பிரதிபலிப்பை இவர் தெருத் தெருவாகத் தேடி எடுத்துக்கொண்டார் என்று எனக்கு நினைக்க விருப்பம்.

இலக்கியத்தில் இந்த விசயம் வேறு மாதிரி. எழுத்தில் தனியாள் என்றால் கனக்கக் கதைப்பார். தஸ்தயேவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’ (1848) இப்போது திரும்பவும் எங்கள் வயதுக்காரர்களின் கையில் இருக்கிறது. ஜனநாதனின் ‘இயற்கை’ படத்தால் அதைத் தெரிந்தவர்களும் உண்டு. எட்டு வருடமாகப் பீற்றர்ஸ்பேர்க்கில் இருந்தும் அறிமுகம் என்று ஒருவரும் இல்லாதவன், வீதியில் இருக்கும் வீடுகளோடு சினேகம் பிடித்து வைத்திருக்கிறான். நாஸ்தென்கா என்ற பெண் கேட்க ஆயத்தமானதும் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறான். புத்தகத்தைப் பார்த்து வாசிப்பது போல் கதைக்கிறீர்களே என்று அவளே சொல்லிவிடுகிறாள். நகுலனும் அப்படித்தான். (நகுலனைச் சொல்லாமல் தமிழில் தனிமை பற்றி எழுதினால் கோபிப்பதற்கு ஆக்கள் இருக்கிறார்கள்.) திருவனந்தபுரத்து வீட்டில், கலியாணம் கட்டாமல், சுசீலா என்ற ஒருத்தியோடு நாவல் நாவலாகக் கதைத்துக்கொண்டே இருந்தார். தனிமை என்றால் அமைதி என்று சொல்கிறவர்கள் தனியாக இருக்கிற ஒருவருக்கு கோல் எடுத்துப் பார்த்ததில்லை. என்னுடைய அம்மம்மாவுக்கு எடுத்தால் பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டதில் தொடங்கி, குட்டிக்கு என்ன நிறம், தாய் ஆடு போன வருசம் எத்தனை போட்டது, அதில் எது செத்தது என்று போகும். ‘சரி அம்மம்மா, வைக்கட்டா’ என்றால், ‘ஓம் வை’ என்றுவிட்டு இன்னொரு கதை தொடங்குவா.

‘வெண்ணிற இரவுகள்’ வாசித்தவர்கள் எல்லாரும் அந்தக் கனவுக்காரனைத்தான் பேசுகிறார்கள். எனக்கு மனதில் நிற்பது நாஸ்தென்காவின் பாட்டி. கண் தெரியாத மனுசி. பேத்தி எங்கேயும் போய்விடக்கூடாது என்று அவளுடைய சட்டையைத் தன்னுடைய சட்டையோடு ஊசியால் குத்தி வைத்திருக்கிறா. வாசிக்கச் சிரிப்பாக இருக்கும். அந்தக் கதையிலேயே ஆகத் தனியான ஆள் அவதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத ஏலாது. யாழ்ப்பாணத்து ஓவியர் சனாதனனின் ‘த இன்கம்ப்ளீட் தோம்பு’ (2011) கிடைத்தால் பாருங்கள். இடம்பெயர்ந்தவர்கள் விட்டுவிட்டு வந்த வீட்டை நினைவில் இருந்து கோடாக வரைகிறார்கள். அதை ஒரு கட்டடக் கலைஞர் வரைபடமாகத் திருத்துகிறார். அதைப் பார்த்து சனாதனன் தன் ஓவியத்தை வரைகிறார். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டுக்குப் பெயர் தோம்பு. இது இல்லாமல் போன வீடுகளின் தோம்பு. அந்த நடுங்கும் கோடுகளில் குசினி எங்கே, கிணறு எங்கே, சாமியறை எங்கே என்று எல்லாம் சரியாக இருக்கும்.

அம்மம்மாவின் வீடு இதற்கு மறுவளம். கரவெட்டியில் வீடு அப்படியே இருக்கிறது, ஆக்கள்தான் இல்லை. அஞ்சு பிள்ளைகளில் மூன்று பேர் கனடா, ஒருவர் பிரான்ஸ், அம்மா திருகோணமலையில். அம்மம்மா வரமாட்டன் என்று அங்கேயே இருக்கிறா. தனிமை என்ற சொல்லை அவ ஒருநாளும் சொல்லிக் கேட்டதில்லை. அது எழுதுகிற ஆக்களின் சொல். அவ சொல்லுவா, ‘பொழுதுபட்டா ஒரு மாதிரிக் கிடக்கு.’

மூன்று வருடத்துக்கு முதல், களவுக்குப் பயந்து, ரொறன்ரோவில் இருக்கிற மாமா வீட்டுக்கு நாலு கமரா பூட்டுவித்தார். கேற்றில் ஒன்று, விறாந்தையில் ஒன்று, கிணத்தடியில் ஒன்று, பின்கதவில் ஒன்று. இப்போது வடமராட்சியில் இப்படி எத்தனையோ வீடு இருக்கிறது. மாமாவின் போனில் அந்த வீடு நாலு சின்னச் சதுரமாகத் தெரியும். சத்தம் வராது. பூட்டின புதிதில் அம்மம்மா முத்தம் கூட்டப் போகவும் நல்ல சீலை உடுத்தினா. ‘உவன் பாத்துக்கொண்டெல்லோ இருப்பான்.’

இங்கே பின்னேரம் ஆறு மணி என்றால் அங்கே காலை எட்டரை, குளிர்காலத்தில் ஏழரை. மாமா வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்து பார்ப்பார். ஏன் அந்த நேரம் கோல் எடுக்கிறதில்லை என்று ஒருமுறை கேட்டேன். ‘எடுத்தால் கதைக்கவேணும். இது சும்மா பாக்கிறது’ என்றார். பிறகு கொஞ்ச நேரம் விட்டு, ‘பாத்தா மனம் ஆறும்’ என்றார்.

அம்மம்மாவின் சாய்மனைக் கதிரை எனக்குத் தெரிந்த காலம் முழுக்க விறாந்தையின் மேற்கு மூலையில் கிடந்தது. வேம்பங்காத்து வருகிற இடம் அது. விறாந்தைக் கமராவுக்கு அந்த மூலை தெரியாது. போன தைப்பொங்கலுக்குப் போனபோது கதிரை இரண்டு அடி இந்தப் பக்கம் வந்திருந்தது. சித்திரையில் இன்னும் கொஞ்சம். ஏன் என்று கேட்டேன். ‘அங்க வெயில் அடிக்குது பிள்ளை’ என்றா. ஆறு மணிக்கு என்ன வெயில் என்று நான் கேட்கவில்லை.

அன்ட்ரே கெர்தேஸ் 1894 இல் ஹங்கேரியில் பிறந்த புகைப்படக்காரர். பரிஸில் பெயர் எடுத்தவர், 1936 இல் நியூயோர்க்குக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டார். ஆங்கிலமும் அவருக்குச் சரியாக வந்து சேரவில்லை. 1952 இல் இருந்து வோஷிங்டன் சதுக்கத்தைப் பார்த்த பன்னிரண்டாம் மாடி வீடு. அந்த யன்னலில் நின்றுதான், தூரத்தைக் கிட்டவாக்கும் லென்ஸ் போட்டு, கீழே பனியில் நடந்து போகிற ஆக்களை வருடக்கணக்காக எடுத்தார். எறும்பு மாதிரிச் சின்ன உருவங்கள், வெள்ளைத் தரையில் வளைந்து போகும் கறுத்த வேலி. 1977 இல் மனைவி எலிசபெத் இறந்தார். அதற்குப் பிறகு எண்பது வயது தாண்டிய மனுசன் ஒரு போலராய்ட் கமராவை எடுத்தார். கடையொன்றில் கண்ட கண்ணாடிச் சிலை, தலையும் தோளும் மட்டும், எலிசபெத்தின் கழுத்துச் சாயலில் இருந்ததாம். அதை வாங்கிக் கொண்டுவந்து யன்னல் விளிம்பில் வைத்து, காலை வெளிச்சத்திலும் பின்னேர வெளிச்சத்திலும் திரும்பத் திரும்ப எடுத்தார். சிலைக்குள்ளால் நகரம் தலைகீழாகவும் கோணலாகவும் தெரியும். ‘ஃப்ரொம் மை விண்டோ’ என்று 1981 இல் புத்தகமாக வந்தது.

அந்தப் படங்களில் மனிதர் ஒருவரும் இல்லை. ஒரு கண்ணாடிப் பொருள், ஒரு யன்னல், பின்னால் கட்டடங்கள். ஆனாலும் எனக்குத் தெரிந்து இவ்வளவு தனியான படம் வேறில்லை. யன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்கிற கிழவனின் மூச்சு கேட்கிற அளவுக்குக் கிட்ட இருக்கிறது.

அம்மம்மாவின் தனிமையைப் பற்றித்தான் எங்கள் வீட்டில் எல்லாரும் கவலைப்படுகிறோம். அவவுக்கு ஆடும் கிணறும் கோயிலும் பக்கத்து வீடும் இருக்கிறது. எட்டரை மணி பஸ்ஸில், கையுறையைக் கழற்றிவிட்டு, சத்தம் இல்லாத ஒரு விறாந்தையை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்க்கிற ஆளைப் பற்றி ஒருவரும் கதைத்து நான் கேட்கவில்லை.

கெர்தேஸின் போலராய்ட் ஒன்றை மாமாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். இது ஒரு ஹங்கேரிக்காரர் எடுத்தது, நியூயோர்க்கில் தன்ர வீட்டு யன்னலில இருந்து என்று மட்டும் எழுதினேன். இரண்டு நீலச் சரி விழுந்தது. பதில் இல்லை. அடுத்த நாள் பின்னேரம் ஒரு ஸ்கிரீன்சொட் வந்தது. விறாந்தை, கொஞ்சம் மங்கலாக, மூலையில் நேரமும் திகதியும். கீழே மாமா எழுதியிருந்தார்:

‘கதிரை இண்டைக்கு நடுவுக்கு வந்திட்டுது.’