வயிறு ஏன் கத்துகிறது?



வெள்ளிமலைப் பக்கம் நான் வேலை பார்த்த காலத்தில் பதினொரு மணியானால் வகுப்பில் வயிறுகள் கத்தும். விடியலில் சாமைக் கஞ்சி குடித்துவிட்டு மலைப்பாதையில் நடந்து வந்த பிள்ளைகள். யார் வயிறு கத்தியதோ அவன் தலையைக் குனிந்துகொள்வான்.

வெட்கப்பட ஒன்றுமில்லை. வயிறு காலியானதும் சிறுகுடலின் மேல்பகுதி மோட்டிலின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். உடனே இரைப்பையிலிருந்து சிறுகுடலின் கடைசி வரை ஓர் அலை மெல்ல நகரும். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை. மிச்சம் மீதியையும் கிருமிகளையும் பெருங்குடலுக்குத் தள்ளிவிடும், வாசல் கூட்டுகிற மாதிரி. ஏதாவது சாப்பிட்டால் கூட்டுவது நின்றுவிடும். அரைமணிக்கு ஒரு முறுக்கு கடிக்கிற என் வயதுக்காரர்கள் கவனிக்க!

ஹார்மோன் என்றதும் தைராய்டு ஞாபகம்தான் வருகிறது. ஆனால் 1902-ல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் கண்ட செக்ரிடின் சிறுகுடலில் சுரப்பது. ஹார்மோன் என்ற பெயரே அதற்குப் பிறகு வந்ததுதான்.

சாப்பிட்ட பிறகு வேறு ஹார்மோன்கள் வேலைக்கு வரும். சாப்பாடு சிறுகுடலுக்குள் இறங்கியதும் ஜிஎல்பி-1 சுரந்து, "மெதுவாக அனுப்பு" என்று இரைப்பைக்குச் சொல்லும். உடம்பில் சுரப்பது இரண்டு நிமிடத்தில் பாதி அழிந்துவிடும். இதே வேலையை ஒரு வாரம் செய்யும்படி தயாரித்ததுதான் சர்க்கரைக்கும் எடை குறையவும் இப்போது போடுகிற செமாகுளூடைட் ஊசி.

என் தங்கச்சி அதைப் போடுகிறாள். "ரெண்டு இட்லி தின்னா ராத்திரி வரைக்கும் வயித்துலயே நிக்குதுண்ணா, கேஸ் மாத்திரைக்கும் கேக்கல" என்றாள். அது கேஸ் இல்லை, ஊசியின் வேலை. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு, எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், நிறுத்துவதை டாக்டர் சொல்லட்டும் என்றேன். பலருக்குப் போகப் போகக் குறையும். விடாத வாந்தியோ, தாங்க முடியாத வயிற்றுவலியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

பேச்சோடு பேச்சாக, அடுத்த மாதம் குடலிறக்க ஆபரேஷன் என்றாள். மயக்க மருந்து டாக்டரிடம் ஊசியைப் பற்றிச் சொன்னாயா என்று கேட்டேன். "சர்க்கரை ஊசிதானே, அதையெல்லாமா சொல்லுவாங்க?" என்கிறாள்! இரவே சாப்பாட்டை நிறுத்தினாலும் இந்த ஊசி போடுகிறவர்களுக்கு இரைப்பையில் உணவு தங்கியிருக்கலாம். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. மறுநாளே போய்ச் சொல்லிவிட்டாள். எப்போது நிறுத்துவது, எத்தனை மணி நேரம் பட்டினி என்று அவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் யாராவது இந்த ஊசி போட்டால், ஆபரேஷனுக்கு முன் தேதியும் அளவும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். நர்ஸாக இருக்கிற நம் பிள்ளைகள், நான் விட்டது இருந்தால் கீழே எழுதுங்கள்.