உடைக்காமல் அளப்பது

இலையை அரைத்துவிட்டால் அதன் செல்களுக்குள் இருந்த ஆக்சிஜனேற்ற, ஒடுக்கச் சமநிலை அந்த நொடியே கலைந்துவிடுகிறது. அரைத்த சாற்றிலும் ஒரு எண் வரத்தான் செய்யும். உயிரோடு இருந்தபோது அந்தச் செல் எந்த நிலையில் இருந்தது என்பதை அந்த எண்ணிலிருந்து மீட்டெடுக்க முடியாது. ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நான் திருச்சுழிப் பக்கத்துக் கரிசல்காட்டில் வளர்ந்தவன். புரட்டாசியில் விதைத்துவிட்டு ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வானத்தைப் பார்த்திருக்கும் மானாவாரி பூமி. பருத்தி, சோளம், கம்பு, குதிரைவாலி, மல்லி என்று வெள்ளாமை. மழை தள்ளிப்போகும் வருஷங்களில் பெரியப்பா பருத்திக்காட்டு வரப்பில் நின்றுகொண்டு சொல்வார்: "மத்தியானம் வாடுனா வாடட்டும்யா. விடியக்காலையிலயும் தலை தொங்கிக் கிடந்தாத்தான் கவலைப்படணும்." பயிர் வாடியதா என்பது அவருக்குப் பெரிய விஷயமில்லை. வாடியது இரவுக்குள் மீண்டதா என்றுதான் பார்ப்பார்.

அந்த உச்சிவெயிலில் இலைக்குள் நடப்பது இது. தண்ணீரை மிச்சம்பிடிக்கச் செடி இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. கார்பன் டை ஆக்சைடு உள்ளே வருவது குறைந்துவிடும், வெயிலோ குறைவதில்லை. பசுங்கணிகத்தில் ஒளி கிளப்பிவிட்ட எலக்ட்ரான்கள் போக வழியில்லாமல் தேங்குகின்றன. சில ஆக்சிஜன் மீது போய் ஏறி சூப்பர் ஆக்சைடு ஆகின்றன, அது ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறுகிறது. பருத்திக்கு இந்த நெருக்கடி கடுமை. சோளமும் கம்பும் கார்பன் டை ஆக்சைடைச் செறிவாக்கிக்கொள்ளும் சி4 வகை என்பதால், துளைகளைப் பாதி மூடிக்கொண்டும் சமாளித்துவிடுகின்றன.

பெராக்சைடைத் துடைத்தெடுக்கும் வேலையில் அஸ்கார்பேட்டுக்குத் துணை நிற்பது குளூட்டாதயோன். பசுங்கணிகத்தில் இந்தச் சுழற்சி நடக்கிறது என்று ஃபாயரும் ஹாலிவெல்லும் 1976-இல் முன்வைத்தார்கள். ஒடுங்கிய குளூட்டாதயோன் மூலக்கூறுகள் இரண்டு தலா ஓர் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு ஒன்றோடொன்று இணைந்துகொள்கின்றன. இரண்டு சேர்ந்து ஒன்றாவதால், மின்னழுத்தத்தைக் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் ஒடுங்கியதன் செறிவை வர்க்கப்படுத்த வேண்டியிருக்கிறது. ஆகவே ஒடுங்கியதற்கும் ஆக்சிஜனேற்றம் அடைந்ததற்கும் உள்ள விகிதம் தெரிந்தால் மட்டும் போதாது, மொத்தச் செறிவும் தெரிய வேண்டும். வறண்ட நாட்டுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாடும் செல் தண்ணீரை இழந்து குளூட்டாதயோனின் செறிவு இரு மடங்கானால், விகிதம் துளியும் மாறாமலேயே மின்னழுத்தம் சுமார் 9 மில்லிவோல்ட் கீழே இறங்கிவிடும். வாடிய இலை அதிகம் ஒடுங்கியதுபோலத் தோன்றும். வறட்சி பற்றி எழுதுகிறவர்களில் பலர் இந்தத் திருத்தத்தைச் செய்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

சரி, அரைத்தால் என்ன கெடுகிறது? செல் ஒரே அறை இல்லை. சைட்டோபிளாசம், பசுங்கணிகம், மைட்டோகாண்ட்ரியா, எண்டோபிளாச வலை, நடுவே பெரிய நுண்குமிழ்ப்பை என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிலை. அரைப்பது என்பது நல்லதண்ணீர்க் கிணற்றையும் உப்புக் கிணற்றையும் ஒரே குடத்தில் ஊற்றி, இதுதான் ஊர்த் தண்ணீரின் ருசி என்று சொல்வதற்குச் சமம். போதாததற்கு, சாறு காற்றில் படும்போதே குளூட்டாதயோன் ஆக்சிஜனேற்றம் அடைய ஆரம்பித்துவிடும். அரைத்த இலையில் ஒடுங்கியது பத்துப் பங்கு முதல் சில பத்துகள் வரை, ஆக்சிஜனேற்றம் அடைந்தது ஒரு பங்கு என்று வருவது சாதாரணம். உயிருள்ள அரபிடாப்சிஸ் செடியின் சைட்டோபிளாசத்தில் அளந்தால் குளூட்டாதயோனின் மின்னழுத்தம் மைனஸ் 310 மில்லிவோல்ட் அளவில் நிற்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் பத்தாயிரக்கணக்கான ஒடுங்கிய மூலக்கூறுகளுக்கு ஆக்சிஜனேற்றம் அடைந்தது ஒன்றுதான். முதல்முறை இந்தக் கணக்கைப் போட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உடைக்காமல் அளக்க வழி தந்தது ஜெல்லிமீனின் பச்சைப் புரதம். 2001-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தார் அதன் மஞ்சள் வகையில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் இரண்டைப் பதித்தார்கள். 2004-இல் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ரெமிங்டன் குழு பச்சைப் புரதத்திலேயே அப்படிச் சிஸ்டீன்களைப் பதித்த ரோ-ஜிஎஃப்பியை வெளியிட்டது. சிஸ்டீன்கள் இணைந்திருந்தால் 405 நானோமீட்டர் ஊதா ஒளிக்குப் புரதம் நன்றாக ஒளிரும், பிரிந்திருந்தால் 488 நீலத்துக்கு. இரண்டையும் அடித்து, வரும் பச்சையின் விகிதத்தை எடுத்தால், செல்லில் புரதம் கூடவா குறையவா என்ற கேள்வியே எழாது. 2008-இல் ஹைடெல்பெர்க்கில் டோபியாஸ் டிக் குழு இதனுடன் குளூட்டாரிடாக்ஸின் என்ற நொதியை இணைத்த பிறகு, குளூட்டாதயோனின் நிலையை அது விரைவாக எதிரொலிக்கத் தொடங்கியது.

கைவேலை இதற்குப் பிறகுதான் ஆரம்பம். ஒவ்வொரு இலைக்கும் இரண்டு எல்லைகளைக் காண வேண்டும். பெராக்சைடு ஊற்றி முழுக்க ஆக்சிஜனேற்றம், டைதயோதிரைட்டால் (DTT) ஊற்றி முழுக்க ஒடுக்கம். நேற்றைய எல்லையை இன்றைக்குப் பயன்படுத்தக் கூடாது, லேசரின் வலிமை மாறியிருக்கும். 405-ஐ அடித்தால் இலையின் ஃபீனால்களும் தாமாகவே ஒளிரும். அந்தப் போலி ஒளியை நீல அலைவரிசையில் தனியே எடுத்துக் கழிக்க வேண்டும். வாடிய இலையில் ஃபீனால் கூடியிருக்கும் என்பதால், கழிக்காமல் விட்டால் வறட்சி ஆக்சிஜனேற்றமாக வேடம் போடும். மூடுகண்ணாடிக்கு அடியில் இலைத்துண்டை அதிகநேரம் வைத்தால் ஆக்சிஜன் தீர்ந்து வேறொரு துன்பம் தொடங்கிவிடும். லேசரைக் கூட்டினால் படம் அழகாக வரும், அந்த ஒளியே செல்லைக் காயப்படுத்தும். மங்கலான படத்தோடு திருப்தி அடையக் கற்றுக்கொள்வதற்குத்தான் எனக்கு அதிகக் காலம் பிடித்தது. எண்டோபிளாச வலைக்கோ இந்தப் புரதம் ஆகாது. அங்கே அது எப்போதும் முழுக்க இணைந்தே கிடக்கும், எதையும் சொல்லாது.

செல்லை உடைக்காமல் இருந்தும் சராசரியால் உண்மையைத் தொலைக்கலாம். அதற்குச் சான்று இலையில் இல்லை, காசநோய்க் கிருமியில் இருக்கிறது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் காசநோய் குணமாகும் என்று 1959-இல் சென்னை ஆய்வு உலகுக்குக் காட்டியது. ஆனால் ஏன் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும்? அந்தக் கிருமியில் குளூட்டாதயோனே கிடையாது, மைக்கோதயால் என்ற வேறொரு மூலக்கூறு அந்த இடத்தில் இருக்கிறது. அதற்கேற்ப ரோ-ஜிஎஃப்பியை மாற்றியமைத்து 2014-இல் அமித் சிங் குழு வெளியிட்டது. நோயெதிர்ப்புச் செல்லுக்குள் இருக்கும் கிருமிகள் எல்லாம் ஒரே நிலையில் இல்லை என்று தெரிந்தது. சில ஆக்சிஜனேற்றத்தில், சில நடுவில், சில நன்றாக ஒடுங்கி. 2019-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலிருந்து அவர்கள் காட்டியது, ஒடுங்கிய கூட்டமே மருந்தைத் தாங்கி நிற்கிறது என்பது. கிருமி தங்கும் பையின் அமிலத்தன்மையைக் குளோரோகுயின் குறைத்தபோது அந்தத் தாங்குசக்தி விலங்குச் சோதனைகளில் தளர்ந்தது. சராசரி எடுத்திருந்தால் இந்தக் கூட்டம் கண்ணிலேயே பட்டிருக்காது. இந்தியாவில் நம் தொழிலில் நடந்தவற்றுள் நான் மிக மதிக்கும் வேலை இது.

இதே கண்ணை எங்கள் பக்கத்துப் பருத்திக்குக் கொண்டுவர ஆசை. ஆனால் செடியே இந்தப் புரதத்தைத் தயாரிக்க, அதற்கான மரபணுவைச் செடிக்குள் புகுத்த வேண்டும். மரபணு மாற்றிய செடியை அரசு அனுமதியின்றித் திறந்த வயலில் வைக்க முடியாது, அது சரியான விதிதான். அதனால் அருப்புக்கோட்டைக் காட்டில் இன்றும் இலையைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, அமிலத்தில் அரைத்து, ஒடுங்கிய குளூட்டாதயோனை உடனே வேதிப்பொருளால் பூட்டித்தான் அளக்கிறோம். இப்படிக் கிடைக்கும் எண்ணைப் பசுங்கணிகத்தின் நிலை என்று எழுதாமல், இலைச்சாற்றின் நிலை என்றே எழுத வேண்டும் என்று மாணவர்களிடம் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஆய்வகத்து வளர்ப்பு அறையில் மட்டும் உடைக்காமல் அளக்க முடிகிறது. தொட்டியைக் காயவிட்டு உச்சி ஒளியில் ஒருமுறை, தண்ணீர் விட்டபின், விடியும் முன் இருட்டில் ஒருமுறை, ஒரே செடியின் அதே இலையில் பார்க்கிறோம். நண்பகலில் மின்னழுத்தம் எவ்வளவு மேலே ஏறியது என்பதைவிட, விடியலுக்குள் எவ்வளவு திரும்பியது என்பதில்தான் தாங்கும் செடிக்கும் தாங்காத செடிக்கும் வித்தியாசம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அட்டவணையில் இப்போது அந்த நிரலைத்தான் முதலில் வைக்கிறோம்.