சிதறாத குறி



பாவத்தைக் குறிக்கப் புதிய ஏற்பாடு பயன்படுத்தும் கிரேக்கச் சொல் 'ஹமார்த்தியா'. குறி தவறுதல் என்பதே அதன் வேர்ப்பொருள். ஆனால் குறி தவறுவதிலும் இரண்டு வகை உண்டு என்பதைச் சிந்தித்திருக்கிறீர்களா?

நான் கல்லூரியில் என்.சி.சி. மாணவனாக இருந்த நாட்களில், முகாமுக்கு முகாம் சென்று துப்பாக்கிப் பயிற்சி அளிக்கும் ஹவில்தார் ஒருவர் எங்களிடம் வந்தார். 25 மீட்டர் தொலைவில் தாள் இலக்கு. படுத்த நிலையில் ஆளுக்கு 5 குண்டுகள். ஒரு மாணவனின் குண்டு ஒன்று நடுப்புள்ளியைத் துளைத்தது. மற்ற நான்கும் நாற்புறமும் சிதறின. இன்னொருவனின் ஐந்தும் நடுவுக்கு நேர் கீழே, உள்ளங்கைக்குள் அடங்கும்படி நெருங்கி விழுந்திருந்தன. நாங்கள் முதலாமவனுக்குக் கைதட்டினோம். ஹவில்தாரோ இரண்டாமவனின் தாளை உயர்த்திக் காட்டி, இவனே சுடக் கற்றவன் என்றார். பின்பு அவனது துப்பாக்கியின் பின்சைட்டைச் சற்றே உயர்த்தி, மறுபடியும் சுடச் சொன்னார். ஐந்தும் நடுவட்டத்துக்குள் விழுந்தன. சிதறிச் சுட்டவனுக்கு எந்தப் பக்கம் திருத்துவது? அவன் முதலில் மூச்சையும் கையையும் நிலைப்படுத்தக் கற்க வேண்டியிருந்தது.

நம் மூலக்குளம் சபையில், ஊர் ஊராகச் சென்று இளைஞர்களுக்கு லேத் வேலை கற்பிக்கும் சகோதரர் ஒருவர் இருக்கிறார். எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதலில் வெர்னியர் அளவியின் தாடைகளை மூடி, இரண்டு பூச்சியங்களும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பாராம். பொருந்தாவிட்டாலும் பிழை எவ்வளவு என்று தெரிந்துவிட்டால், கணக்கில் அதைக் கழித்துச் சரியான அளவைப் பெறலாம் என்கிறார். தெரியாத பிழையே வேலையைக் கெடுக்கும்.

நம் அண்டை ஊரான கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், 2019ஆம் ஆண்டு ரியோ உலகக் கோப்பைப் போட்டியில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில் தங்கம் வென்றார். அந்த இலக்கின் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். அத்தகைய வீரர்களும் போட்டிக்கு முன் கணக்கில் சேராத குண்டுகளைச் சுட்டு, அவை விழும் இடத்தைப் பார்த்துத் துப்பாக்கியைத் திருத்திக்கொள்கிறார்கள்.

தர்சு பட்டணத்துச் சவுலை நினைத்துப் பாருங்கள். அவருடைய வைராக்கியம் சிதறவில்லை. முழுவதும் ஒரே இடத்தில் விழுந்தது. இடந்தான் தவறு. தமஸ்குவின் வழியில் கர்த்தர் அவரை அழிக்கவில்லை, திருத்தினார். திருத்தும் பணிக்கு அனனியா என்னும் எளிய சீஷரையும் அனுப்பினார். சபையைத் துன்பப்படுத்த ஊர்விட்டு ஊர் சென்ற அதே மனிதர், கூடாரத் தொழில் செய்துகொண்டே ஊர் ஊராகச் சென்று போதிப்பவரானார்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டில் பிடிவாதம் மிகுந்த பிள்ளை இருக்கலாம். அவனது உறுதியை உடைக்க முயலாதீர்கள். அவனது திசைக்காக ஜெபியுங்கள். ஒரே குறையில் மீண்டும் மீண்டும் விழுகிறேன் என்று நீங்களே சோர்ந்திருக்கலாம். எங்கே விழுகிறீர்கள் என்பது தெரிந்திருக்கிறதே, அதுவே திருத்தத்தின் தொடக்கம். அந்தத் தாளை ஒளிக்காமல் ஆண்டவர் முன் விரித்து வையுங்கள். ஒரு வாரம் கண்ணீரோடு ஜெபித்து, மறுமாதம் வேதத்தைத் திறவாதிருப்பவர்களோ, முதலில் சிறிய ஒழுங்கொன்றில் நிலைத்திருக்கப் பழகுங்கள். தினமும் பத்து நிமிடம் போதும்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் கைகளை உறுதிப்படுத்தும், எங்கள் பார்வையைத் திருத்தும். ஆமென்.