எந்த வண்டி?

அம்பகரத்தூரில் எங்கள் இல்லத்துக்குக் கார் வாங்க நினைத்தபோது ஒரு வழக்கு எழுந்தது. 4 மீட்டருக்குள் அடங்கும் உயரமான சிறு வண்டியா, நான்கு சக்கரங்களும் இழுக்கும் நீண்ட வேகனா? துபாயில் பணிபுரியும் மகன் வேகனின் பக்கம் நின்றான். மணலில் அதன் அருமை கண்டவன்.

நம் ஊரோ கடைமடைச் சமவெளி. ஐப்பசி, கார்த்திகைச் சேற்றிலிருந்து மீள நான்கு சக்கர இழுவை உதவும். ஆயின், தேங்கிய நீர் இயந்திரத்தின் காற்றுக்குழாயில் புகுந்தால் அது காவாது. ஈரச்சாலையில் பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தையும் குறைக்காது. மேலும், 1992இல் டாடா எஸ்டேட் வந்தும் வேகன் நம் நாட்டில் வேரூன்றவில்லை. உதிரிபாகத்துக்கு அலைய நேரும்.

மூட்டுவலியால் வாடும் என் தாயாரை அடைமழை இரவில் காரைக்கால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அவர் குனியாமல் அமர உயர்ந்த இருக்கை வேண்டும். குறுகிய தெருவில் வண்டி திரும்ப வேண்டும். சிறு வண்டியையே தேர்ந்தோம். ஒட்டகத்தைக் கட்டிய பின்பே தவக்குல். நீர் ஏறுமுன் புறப்படுவதே எங்கள் கட்டு, இன்ஷா அல்லாஹ்.